மழலையர் கல்விப் பட்டப்படிப்பு: காரைக்குடிப் பக்கம் படித்து முடித்தவளின் மதிப்புரை

காரைக்குடிக்கு அருகிலுள்ள மகளிர் கல்லூரி ஒன்றில், மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளின் கல்வியை முதன்மைப் பாடமாகக் கொண்ட மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை முடித்தவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு எதில் சேரலாம் என்று யோசிக்கும் பெண்களும், திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்துப் படிப்பைத் தொடர விரும்பும் என்னைப் போன்றவர்களும் இதைப் பற்றித் தொடர்ந்து விசாரிக்கிறார்கள். குறைகளையும் எழுதப் போவதால் கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இப்போது அங்கே படிக்கும் பெண்களுக்கு என் எழுத்தால் சங்கடம் வரக் கூடாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருப்பதை விரும்புகிறவர்களுக்கு இது மிக நல்ல படிப்பு, அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை எண்ணிச் சேர்கிறவர்களுக்கு இது உரிய வழி அன்று.

இந்தப் படிப்பின் உயிர், முதலாண்டின் இரண்டாம் செமஸ்டரில் தொடங்கி இறுதிவரை தொடரும் உற்றுநோக்கல் பதிவேட்டில் இருக்கிறது. மாணவிகள் அதை அப்சர்வேஷன் நோட்டு என்பார்கள். ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட நேரத்துக்கு அதன் செயல்களை மட்டும் எழுத வேண்டும். "குழந்தை சோர்வாக இருந்தாள்" என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். "கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள், தூணில் சாய்ந்தாள், இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்" என்று எழுதினால்தான் கையெழுத்துக் கிடைக்கும். சோர்வு என்பது நம்முடைய ஊகம், வாசலைப் பார்த்தது நடந்த செயல், இரண்டையும் கலக்கக் கூடாது என்பதை இந்த நோட்டு பழக்கிவிடுகிறது. பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் "இது அடங்காது", "இது மந்தம்" என்று முத்திரை குத்துவது நம் வீடுகளில் சாதாரணம் என்பதால், இந்தப் பழக்கம் படிவதற்குச் சில மாதங்கள் ஆகின்றன.

இந்த நோட்டோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் கோட்பாடும் புரிகிறது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் பிள்ளைகளின் விளையாட்டை, தனியாக ஆடுவது, பிறர் ஆடுவதை நின்று பார்ப்பது, பக்கத்தில் இருந்தும் சேராமல் ஆடுவது, பொருளைப் பகிர்ந்து ஆடுவது, ஒரே நோக்கத்தோடு கூடி ஆடுவது என்ற நிலைகளாக வகுத்துக் காட்டினார். நாங்கள் பயிற்சி பெறும் மழலையர் பள்ளியான பயிற்சிப் பள்ளியில் ஒரு சிறுவன் வந்த நாள் முதல் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றான். யாரோடும் சேராத பிள்ளை என்று ஆயாம்மாவே முடிவு கட்டியிருந்தார். என் வகுப்புத் தோழி எழுதிய பதிவைப் படித்தபோதுதான், அவன் கண்கள் ஒவ்வொரு முறையும் செப்புச் சாமான் வைத்துச் சமைத்து விளையாடும் கூட்டத்தையே பின்தொடர்வது தெரிந்தது. அவன் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். அவனைக் கையைப் பிடித்து இழுத்துச் சேர்க்காமல், அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு செப்புத் தொகுதியை வைத்துவிட்டோம். சில நாள்களில் அவனாகவே வந்து அமர்ந்தான். நியூசிலாந்தின் மார்கரெட் கார் முன்வைத்த, பிள்ளையின் கற்றலை மதிப்பெண்ணாக அல்லாமல் சிறு கதையாக எழுதிப் பெற்றோரிடம் காட்டும் முறையும் மூன்றாம் ஆண்டில் பாடமாக இருக்கிறது. ரேங்க் கார்டு கேட்டுப் பழகிய நம் பெற்றோரிடம் இது செல்லுபடியாகுமா என்று சந்தேகப்பட்டேன். தன் பேத்தியைப் பற்றி நான் எழுதியதை ஓர் அப்பத்தா, தனக்கு மறுபடியும் வாசித்துக் காட்டச் சொன்னார்.

பயிற்சிப் பள்ளி நடக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பழைய செட்டிநாட்டு வீடு. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடுவதால், எந்த மூலையில் உட்கார்ந்தாலும் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க முடிகிறது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் குறைவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெயில் காலத்திலும் குளிர்ச்சியாக இருப்பதால் பிள்ளைகள் பாய் இல்லாமலேயே படுத்துப் புரண்டு விளையாடுகிறார்கள். ஆனால் முற்றத்தின் விளிம்பில் தடுப்பு இல்லை. மழை பெய்தால் தரை வழுக்குகிறது. இதைக் கேட்டவர்களுக்கு வீட்டின் அழகு கெட்டுவிடும் என்று பதில் வந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பைத் தனித் தாளாகவே கற்பிக்கும் துறையிலிருந்து இந்தப் பதில் வந்ததை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கற்பித்தல் பொருள் செய்யும் தாள் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-ல் தொடங்கிய சிறுவர் பள்ளியில் பந்தும் உருளையும் கனசதுரமும் எதற்காகக் கொடுக்கப்பட்டன என்பதில் தொடங்கி, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கித் தம் முறையை விரிவாக்கியது வரை பாடம் செல்கிறது. அதன் பிறகு, விலைக்கு வாங்கும் மரச்சாமான்களைப் பார்த்து மலைக்காமல், அதே நோக்கத்தை நம் ஊரில் கிடைப்பதைக் கொண்டு நிறைவேற்றச் சொல்கிறார்கள். இரண்டு வரிசையில் ஏழேழு குழிகள் கொண்ட பல்லாங்குழி, ஒரு குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுச் செல்வதற்கு இடம் கொடுப்பதால், எண்ணின் பெயரை ஒப்பிப்பதற்கும் உண்மையாகவே எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளையின் விரலிலேயே காட்டிவிடுகிறது. பனையோலைக் கொட்டான்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கலாம். தரைக்கல்லின் கோலத்தைத் தாளில் தொடரச் செய்து அடுத்து என்ன வரும் என்று கேட்கலாம். எங்கள் ஆசிரியை ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டையோ சோழியோ கண்ணில் படக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். எழுத்துப் பயிற்சியிலும் 'அ'வில் தொடங்காமல், நேர்கோடுகளால் ஆன ட, ப போன்றவற்றை முதலில் மணலில் விரலால் எழுத வைப்பதற்கான காரணத்தைக் கையின் தசை வளர்ச்சியோடு பொருத்தி விளக்கினார்.

இதே ஆசிரியைதான் சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜேயின் புகழ்பெற்ற சோதனையை மோரை வைத்துச் செய்யச் சொன்னவர். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாக ஊற்றிக் காட்டிவிட்டு, ஒன்றில் இருப்பதை அகலக் கிண்ணத்துக்கு மாற்றி, எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் உயரமாகத் தெரிவதையே காட்டுவார்கள் என்பது பாடம். பெரும்பாலான பிள்ளைகள் அப்படியே டம்ளரைக் காட்டினார்கள். பலகாரக் கடை வைத்திருக்கும் வீட்டுச் சிறுமி மட்டும், "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், நீங்கதானே இதுலேருந்து ஊத்துனீங்க" என்றாள். ஆசிரியை அதை விதிவிலக்கு என்று ஒதுக்கவில்லை. மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகள், களிமண்ணின் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பதை மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே உணர்ந்திருந்ததைக் காட்டிய 1969-ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துச் சொல்லி, வயதை மட்டும் வைத்துப் பிள்ளையை எடை போடக் கூடாது என்பதை விளங்கவைத்தார். இப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தால் மூன்று ஆண்டுகளும் வீணாகாது. எல்லாத் தாள்களுக்கும் இவரைப் போன்றவர்கள் இல்லை. சில தாள்களுக்குப் பாதி செமஸ்டர் வரை ஆளே இல்லாமல், பிறகு வந்தவர் குறிப்புகளை வாசிக்க நாங்கள் எழுதிக்கொண்டோம்.

அங்கன்வாடியில் செய்யும் களப்பணி இரண்டாம் ஆண்டில் வருகிறது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், சத்துணவும் தடுப்பூசியும் உடல்நலப் பரிசோதனையும் முன்பருவக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வருவதற்கு எப்படி வழிசெய்தது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, ஒரே பணியாளர் காலையில் பிள்ளைகளை எடை பார்த்து, சமையலைக் கவனித்து, கைப்பேசிச் செயலியில் பதிவேற்றி, இடையில் கதையும் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. மேல்கையின் நடுவில் நாடாவைச் சுற்றி அளந்து, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று அறிந்து உடனே மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லும் பயிற்சியை, ஆசிரியராகப் போகும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குறைகளில் பெரியது மொழி. தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் நூலகத்தில் இருக்கும் பாட நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்த பெண்கள் சீனியர் அக்காமார்களின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்கிறார்கள். பாட்டும் அப்படித்தான். தாலாட்டுக்குப் பெயர்போன நகரத்தார் ஊர்களின் நடுவே இருந்துகொண்டு, எங்கள் பாட்டுத் தொகுப்பில் பாதிக்கு மேல் ஆங்கில ரைம்ஸ் இருந்தன. ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் போடும்போது உள்ளடக்கத்தைவிடத் தெர்மோகோலும் பளபளப்புத் தாளும் சிலருடைய கண்ணுக்கு முதலில் தெரிகின்றன. இந்த அலங்காரச் செலவு சேர்ந்து கல்லூரிக் கட்டணத்தோடு போட்டி போடும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றிய தாளில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளையும் எழுதச் சொல்கிறார்கள். அத்தகைய பிள்ளைகளோடு ஒரு வேளை இருக்கவும் ஏற்பாடு இல்லை.

இன்னொரு குறையை வேலைக்குப் போன பிறகே உணர்வீர்கள். நான்கு வயதுப் பிள்ளையை நான்கு கோட்டு நோட்டில் எழுதச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மூன்று ஆண்டுகள் படிக்கிறோம். தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பில் நுழைந்த முதல் வாரத்திலேயே, வீட்டுப்பாடம் ஏன் தரவில்லை என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள். நிர்வாகமும் அவர்கள் பக்கமே பேசுகிறது. அந்த இடத்தில் என்ன சொல்வது, பெற்றோரை எப்படி நம்பவைப்பது, எந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பது என்பதற்கு ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.

வேலைவாய்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சேர்க்கையின்போது யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியராக வேண்டுமானால் தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் தேவை. இந்தப் பட்டம் அதற்கு ஈடாகாது. பி.எட். சேர்த்துப் படித்தால் போதும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்குப் பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, நம்மைப் போன்றவர்களுக்கு வழி திறக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அங்கே உபரி இடைநிலை ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள். ஆகவே தனியார் மழலையர் பள்ளி, குழந்தைகள் காப்பகம், தொண்டு நிறுவனம், சொந்தமாக நடத்தும் விளையாட்டுப் பள்ளி ஆகியவையே இப்போதுள்ள வழிகள். இவற்றில் முதல் சில ஆண்டுகளின் சம்பளம் குறைவு. வீட்டு வருமானம் இதை மட்டுமே நம்பியிருந்தால் பட்டயப் படிப்புதான் பொருத்தம்.

அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து ஆசிரியப் படிப்புக்கு இந்த வட்டாரத்தில் மதிப்பு உண்டு, இருந்தும், "சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு டிகிரியா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, சேர்வதற்கு முன் கல்லூரியிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயன் தரும். பயிற்சிப் பள்ளி கல்லூரியின் சொந்தப் பொறுப்பில் நடக்கிறதா, களப்பணி முதலாண்டிலேயே தொடங்குகிறதா, ஒவ்வொரு தாளுக்கும் நிலையான ஆசிரியர் இருக்கிறாரா, களப்பணி நாள்களில் கிராமத்து அங்கன்வாடிகளுக்குப் பேருந்து ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் உற்றுநோக்கல் நோட்டை வாங்கிப் பாருங்கள். சிவப்பு மைத் திருத்தங்கள் நிறைய இருந்தால் தயங்காமல் சேரலாம். அனுமதி கேட்டால் பயிற்சிப் பள்ளியைக் காலை வேளையில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கவும் விடுகிறார்கள்.