லென்ஸா, லொகேஷனா: எதிரே நிற்பது என்னவென்று எதைக் கேட்பது?

எதிரே ஒரு பழைய கட்டடம். கூகுள் லென்ஸில் கேமராவைக் காட்டிக் கேட்கலாம். மேப்ஸைத் திறந்து நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்றும் பார்க்கலாம். முன்னது உருவத்தைப் பொருத்துகிறது, பின்னது இடத்தை அளக்கிறது. சறுக்கும் இடமும் அதனால் வேறுவேறு.

2017-ல் வந்த லென்ஸ், நீங்கள் காட்டுவதை இணையத்தில் உள்ள படங்களோடு ஒப்பிடுகிறது. ஊரே படமெடுத்த கோபுரம் என்றால் நொடியில் பெயர் வரும். யாரும் எட்டிப் பார்க்காத சிலை என்றால், அதே சாயலில் இருக்கும் வேறோர் ஊர்ச் சிலையின் பெயரைக் கூசாமல் சொல்லும். கட்டடத்தை முழுசாக எடுப்பதைவிட, அருகில் போய்க் கல்வெட்டையோ பெயர்ப்பலகையையோ எடுங்கள். எழுத்தைப் படிப்பதில் அது கெட்டி. எடுத்தபின் தேடல் சட்டத்தின் மூலைகளை இழுத்து, வானமும் மரமும் வெளியே போகும்படி சுருக்குங்கள். பாதித் தவறு அங்கேயே தீரும்.

மேப்ஸின் நீலப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடம் அளக்கும் ஜிபிஎஸ். திறந்த வெளியில் அது சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுச் சுற்றி வருவதால் தூரக் கணக்கு நீண்டு, புள்ளி எதிர்ச்சாரிக்குத் தாவும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால் நம்பாதீர்கள். அதைவிடப் பெரிய தொல்லை திசை. புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கற்றை அகலமாக இருந்தால், போன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்கே தெரியவில்லை. காந்தம் வைத்த கவரைக் கழற்றிவிட்டு, 8 வடிவில் போனைச் சில முறை சுழற்றினால் கற்றை ஒடுங்கும். எத்தனையாவது மாடி என்று மட்டும் கேட்காதீர்கள்.

டேட்டா இல்லாத இடத்தில் லென்ஸால் தேட முடியாது. ஜிபிஎஸ் ஓடும், ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கியிருக்க வேண்டும். முதல் முறை இடம் பிடிக்கவும் நேரமெடுக்கும். ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் வானிலிருந்து வந்து சேரவே அரை நிமிடம் ஆகும்.

இரண்டையும் சேர்த்தது 2019-ல் மேப்ஸில் வந்த லைவ் வியூ. கேமராவில் தெரியும் தெருவை, கூகுள் வண்டிகள் ஊர் ஊராகப் போய் எடுத்த ஸ்ட்ரீட் வியூ படங்களோடு பொருத்தி, ஜிபிஎஸ் பிழையைத் திருத்துகிறது. இருட்டிலும், ஸ்ட்ரீட் வியூ வண்டி போகாத சந்திலும் கைவிரித்துவிடும்.

செடி, பறவை, பூச்சிக்கு லென்ஸைவிட, உயிரினங்களை அடையாளம் காட்டும் ஐநேச்சுரலிஸ்ட் செயலிதான் என் தேர்வு. படத்தோடு இடத்தையும் வைத்துப் பட்டியலைச் சுருக்குகிறது. சாட் செயலி வழியாக வந்த படத்தில் இடக்குறிப்பு பெரும்பாலும் அழிந்திருக்கும். அப்போது வேறு கண்டத்து இனம்கூட முதலிடத்துக்கு வரும். இடத்தைக் கையால் குறித்துவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்டுக்குத் தோராய லொகேஷன் அனுமதியே போதும். கட்டடம் தேடத்தான் துல்லிய லொகேஷன் தேவை. தேடி முடித்ததும் அணைத்துவிடலாம்.