வெள்ளவத்தையில் ஒரு பின்னேர உடற்பயிற்சி வகுப்பு: நாற்பது தாண்டிய பெண்களுக்குத் துணிந்து சொல்வேன்

காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் மேல்மாடி மண்டபத்தில் நடக்கிற வகுப்பு இது. பெயர்ப்பலகை கூட இல்லை. திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கும், 50 நிமிடம். பெண்கள் மட்டும். மாதம் 6,000 ரூபா. முதல் நாள் காசு வாங்குவதில்லை. போயா தினத்தில் வகுப்பு இல்லை.

எனக்கு வயது 47. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்கிற கணக்கு வேலை. இந்த வருட இரத்தப் பரிசோதனையில், இரத்தத்துச் சீனியின் சராசரி அளவைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5 ஆனால் வருத்தம் வந்துவிட்டது என்று கணக்கு. அம்மாவுக்கும் சீனி வருத்தம் இருப்பதால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. குளிசை இப்போதைக்குத் தேவையில்லை, கிழமைக்கு மூன்று நாளாவது உடம்பை வேர்க்க வையுங்கோ என்றார் டொக்டர்.

மரைன் டிரைவில் நடக்கலாம்தான், நடந்தும் பார்த்தேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரமானால் இடியும் மழையும். அப்புறம் ஒரு பெரிய ஜிம்மில் சேர்ந்தேன். வருடக் காசை முன்பே வாங்கிக்கொண்டு, ஓடுகிற மெஷினைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். என் முழங்கால் நோவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே அதைத்தான் முதலில் கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் 'மிஸ்' என்று கூப்பிடுகிற பயிற்சியாளர், மண்டபத்து மூலையில் என்னை இருத்தி, பிரஷர், குளிசை, சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, நாரிப் பிடிப்பு என்று எல்லாவற்றையும் விசாரித்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். இன்சுலின் போடுகிறவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும், பையில் குளுக்கோசோ இனிப்போ இருக்கவும் வேண்டும். பயிற்சியின்போது சீனி திடீரென்று இறங்கக்கூடும் என்பதால் இந்த விஷயத்தில் மிஸ் மிகவும் கண்டிப்பு.

எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி, கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். கதிரை வழுக்காமல் சுவரோடு ஒட்டி வைத்து, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டி, கை ஊன்றாமல் எழும்ப வேண்டும். இருக்கும்போது பொத்தென்று விழாமல் நாலு எண்ணி மெல்ல இறங்க வேண்டும். எழும்பும்போது என் முழங்கால்கள் இரண்டும் உள்பக்கம் சாய்ந்தன. மிஸ் கண்டுபிடித்து, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு ரப்பர் பட்டியை மாட்டிவிட்டு, "பட்டி தொய்யக்கூடாது, அக்கா. வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே எழும்புங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லோடு நோவு பாதி குறைந்தது. எனக்கு வலப்பக்கம் வங்கியில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி கையில் டம்பெல்லோடு அதையே செய்வாள். இடப்பக்கம் இளைப்பாறிய ரீச்சர் ஒருவர், 68 வயது, கதிரைப் பிடியைப் பிடித்துக்கொண்டு செய்வார். எண்ணுவது எல்லோருக்கும் ஒன்றுதான், ஒருமுறை தமிழில், அடுத்த முறை சிங்களத்தில்.

தொடைக்கும் இடுப்புக்கும் இவ்வளவு வேலை ஏன் என்று கேட்டேன். உடம்பின் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். சீனிக்காக வந்திருக்கிற எனக்கு அதைக் கேட்ட பிறகு கதிரைப் பயிற்சியில் ஒரு பிடிப்பே வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பயிற்சி சூடு பிடிக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகப் பார்த்து, "இரவுக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்பார். "புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், மிஸ்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் சரி. "புட்டு..." என்று நின்று இளைத்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்வார். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் நடுத்தர வேகம். வீட்டில் தனியாக நடக்கிறவர்களும் இதை வைத்துப் பார்க்கலாம்.

வராமல் விட்டால் வாட்ஸ்அப்பில் ரீச்சர் விசாரிப்பார். அவர் வந்திருக்கிறார், நான் வரவில்லை என்றால் எப்படி? தனியாக ஜிம்முக்குப் போனபோது இப்படி என்னைத் தேட ஒருவரும் இருக்கவில்லை.

இப்போது என் எச்பிஏ1சி 5.9. அந்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் அவ்வளவு காலம் பொறுத்துத்தான் எடுத்தேன். இரவுச் சோற்றையும் குறைத்திருக்கிறேன், ஆகவே முழுப் புகழையும் வகுப்புக்குக் கொடுக்க முடியாது. ஆனால் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பையோடு நாலாம் மாடிக்கு நிற்காமல் ஏறுவது வகுப்பு தந்ததுதான்.

குறை என்றால், மண்டபத்தில் ஏசி இல்லை. கடற்காற்று வராத நாளில் வேர்த்து ஊற்றும், துவாய் இரண்டு கொண்டு போங்கள். பெரிய குறை வெள்ளிக்கிழமை. பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் அன்று வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட நடுத்தரப் பயிற்சி வேண்டும் என்கிறது. மூன்று நாளும் வந்தால் சரியாக 150, வெள்ளியை விட்டால் 100தான். சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அம்மா வயதுக்காரர்களுக்குக் காலையில் கதிரை வகுப்பு ஒன்றும் கேட்டோம். பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்குவதாக மிஸ் சொல்லியிருக்கிறார். இதுவரை ஆறு பேர். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் விருப்பமுள்ள அம்மாமார் இருந்தால் சொல்லுங்கள், இன்னும் நாலு பேர் வேண்டும்.