காலைல மட்டும் அடம் பிடிச்ச என் 2007 பெட்ரோல் கார் – ரெண்டு வருஷ அனுபவம்

வண்டி 2007 மாடல், 1100 சிசி பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் தெளிக்கிற டைப்). 2014ல செகண்ட் ஹேண்டா வாங்கினேன், மீட்டர் இப்போ 1,41,000 காட்டுது. கம்பெனி பேரு வேணாம், இந்த வயசுல எந்த வண்டிக்கும் இது வரும்.

கோல்டு ஸ்டார்ட் ப்ராப்ளம்னு சொன்னாலே எல்லாரும் சிரிக்கிறான், சென்னைல ஏதுடா கோல்டுன்னு. ஆனா நைட்டு முழுக்க நின்ன இன்ஜினுக்கு மார்கழி விடிகாலை 22 டிகிரியே குளிர்தான், அது ஒழுங்கா ஓட 85, 90 டிகிரி வேணும். குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால ஈசிஎம் (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) கொஞ்சம் எக்ஸ்ட்ரா பெட்ரோல் அடிக்கும், அந்தக் காலத்து வண்டில சோக் இழுப்போமே அதே வேலைதான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் முடிஞ்ச வாரம்தான் ஆரம்பிச்சுது. காலைல ஆறு மணிக்கு செல்ஃப் அடிச்சா அஞ்சாறு செகண்ட் சுத்தும், பிடிக்கும், உடனே ஐடிலிங் இறங்கி வண்டியே குலுங்கி ஆஃப் ஆயிடும், மூணாவது தடவை ஆக்ஸிலேட்டர மிதிச்சு பிடிச்சுக்கிட்டே இருந்தாதான் ஆஃப் ஆகாம ஓடும். ரெண்டு மூணு கிலோமீட்டர் போயிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஜம்முனு ஓடும். சாயங்காலம் கிண்டில ஆபீஸ் பார்க்கிங்ல வெயில்ல எட்டு மணி நேரம் நின்ன வண்டி ஒரே அடில ஸ்டார்ட் ஆகும். செக் இன்ஜின் லைட்டும் எரியல.

மழைக்கப்புறம் வந்ததால டேங்க்ல தண்ணின்னு நினைச்சு டேங்க்கையே இறக்கி கழுவினேன். சொட்டு தண்ணி இல்ல. அப்புறம் ப்ளக் மாத்தினேன். பேட்டரி மூணு வருஷம் ஆச்சேன்னு அதையும் மாத்தினேன், இது சுத்த தண்டம், ஏன்னா பழைய பேட்டரி நிக்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10க்கு மேல காட்டுச்சு, அது நல்ல பேட்டரிங்கிறது எனக்கு அப்ப தெரியல. ஒரு சர்வீஸ் சென்டர்ல த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் சேர்த்து 14,000 எஸ்டிமேட் போட்டாங்க. எதனாலன்னு கேட்டா "ஏஜ் ஆயிடுச்சு சார்". ஏஜ் எனக்கும்தான் ஆச்சு, அதுக்காக கிட்னிய மாத்திடுவாங்களா?

மேல் வீட்டு அங்கிள் எல்லாத்துக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம்னு அடிச்சு சொன்னார். அதுல விஷயம் இல்லாம இல்ல, எத்தனால் ஆவியாக சூடு அதிகம் வேணும், பர்சன்டேஜ் ஏற ஏற கோல்டு ஸ்டார்ட் கஷ்டம்தான். ஆனா அதே பங்க்ல பெட்ரோல் போடுற அவர் வண்டி காலைல ஒழுங்கா கிளம்புதே.

2024 மே மாசம் ப்ராப்ளம் தானா மறைஞ்சிடுச்சு. சரி ஆயிடுச்சுன்னு நினைச்சேன், முட்டாள்தனம். காலைலயே 30 டிகிரி இருந்தா எக்ஸ்ட்ரா பெட்ரோல் கம்மியா இருந்தாலும் சமாளிச்சுக்கும், அவ்ளோதான். நவம்பர்ல கரெக்டா திரும்பி வந்துச்சு.

எனக்கு ரொம்ப லேட்டா உறைச்ச விஷயம் என்னன்னா, வியாதி இருக்கிறது காலைல ரெண்டு நிமிஷம்தான், ஆனா நான் மெக்கானிக்கிட்ட வண்டிய ஓட்டிட்டுப் போறது பதினோரு மணிக்கு. அங்க போறதுக்குள்ள இன்ஜின் சூடாகி நல்ல பிள்ளையா நிக்கும். வீடியோ எடுத்துக் காட்டினேன், பெருசா பிரயோஜனமில்ல. கடைசில ஆதம்பாக்கம் மெக்கானிக் பாய்தான் சொன்னார், "சார், வண்டிய நைட்டு இங்கயே விட்டுட்டுப் போங்க, காலைல நான் வந்து ஸ்டார்ட் பண்றேன், அதுக்கு முன்னாடி ஒருத்தரும் தொடக்கூடாது."

மறுநாள் அஞ்சே முக்காலுக்கு நானும் போயிட்டேன். ஷட்டர் பாதிதான் திறந்திருக்கு, ஒரு கைல டீ, வாய்ல டார்ச். முதல்ல கீய ஆன் பண்ணி ஆஃப் பண்ணார், மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் பின் சீட்டுக்கு அடில உய்ங்னு ரெண்டு செகண்ட் பெட்ரோல் பம்ப் சத்தம், லைன்ல பிரஷர் ஏத்துறதுக்கு. அப்புறம் செல்ஃப். கொஞ்சம் சீக்கிரம் பிடிச்சுது, ஆனா அதே குலுக்கல், அதே ஆஃப். "பம்ப் பிரஷர் மட்டும்தான் ப்ராப்ளம்னா இப்ப ஆஃப் ஆகாம ஓடியிருக்கணும் சார், வேற என்னமோ இருக்கு"ன்னுட்டு கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரோட (இன்ஜின் எவ்ளோ சூடுன்னு ஈசிஎம்முக்குச் சொல்றது) சாக்கெட்ட கழட்டினார். வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபால்ட்ட படிக்க நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ஓபிடி டாங்கிள் இந்த வண்டில கனெக்டே ஆகல (பிஎஸ்4 வந்த 2010லதான் நம்மூர்ல ஓபிடி கட்டாயம் ஆச்சு, இது அதுக்கு முந்தின வண்டி), ஆனா கூடவே வாங்கின மல்டிமீட்டர் வேலைக்கு ஆச்சு. சென்சரோட ரெண்டு பின்லயும் வெச்சுப் பார்த்தா 700 ஓம்.

பெரும்பாலான வண்டில இந்த சென்சர் 20, 25 டிகிரில 2 முதல் 2.5 கிலோ ஓம் காட்டணும், சூடு ஏற ஏற குறைஞ்சு 80 டிகிரில 300 ஓம் பக்கம் வரும். 700 ஓம்னா ஐம்பது டிகிரிக்கு மேல இருக்குன்னு அர்த்தம். அதாவது ராத்திரி பூரா நின்ன இன்ஜின சூடா இருக்குன்னு ஈசிஎம்கிட்ட பொய் சொல்லியிருக்கு, அதுவும் நம்பி எக்ஸ்ட்ரா பெட்ரோல் கொடுக்கல. இந்த மாதிரி பழைய வண்டில வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் ஈசிஎம் கண்டுபிடிச்சு லைட்டு போடும், நம்புற மாதிரி பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கும்?

புது சென்சர் ஜி.பி. ரோட்ல 650 ரூபா. 180க்கும் ஒண்ணு இருந்துச்சு, வாங்கல. வீட்டுக்கு வந்து எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்தி முக்கிப் பார்த்தேன், 2.1 கிலோ ஓம், கொதிக்கிற தண்ணி சேர்க்கச் சேர்க்க மளமளன்னு இறங்குச்சு. "காபி டம்ளர்ல கார் பார்ட்ஸா"ன்னு வீட்ல ஒரு சண்டை, அந்த டம்ளர் இப்போ மொட்டைமாடி செடிக்கு தண்ணி ஊத்துது.

மாத்தின மறுநாள் காலைல முதல் அடில ஸ்டார்ட். 2025 ஜனவரி அது. ஆனா கதை முடியல, மைலேஜ் 14லேர்ந்து 12க்கு இறங்கிடுச்சு! ப்ளக்க கழட்டினா கரிக்கட்டை மாதிரி கருப்பு. பாய் டெம்பரேச்சர் முள்ளப் பார்த்தார் (டேஷ்போர்டு முள்ளுக்கு இந்த வண்டில தனி சென்சர்), ஈசிஆர்ல இருபது கிலோமீட்டர் போயிட்டு வந்தும் கால்வாசியத் தாண்டல. நான் பத்து வருஷமா வண்டி கூலா ஓடுதுன்னு பெருமைப்பட்டுட்டு இருந்த முள் அது. ஹவுசிங்க திறந்தா உள்ள தெர்மோஸ்டாட் வால்வே இல்ல, இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்ட ரேடியேட்டருக்கு விடாம தடுக்கிறது அதுதான். எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் காலத்துல யாரோ "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டி எறிஞ்சிருக்காங்க. நம்ம ஊர்ல இது ரொம்ப சகஜம், ஓவர்ஹீட் ஆனா ஃபேன் ரிலேயப் பார்க்காம, ரேடியேட்டர் அடைப்பப் பார்க்காம, முதல்ல கை வைக்கிறது தெர்மோஸ்டாட் மேலதான். அது இல்லாததால இன்ஜின் ஹைவேல சூடே ஏறல, முன்னாடி சென்சர் பொய் சொன்னதால அது வெளிய தெரியல, இப்போ புது சென்சர் உண்மையச் சொல்ல ஈசிஎம் பெட்ரோல ஊத்துது.

தெர்மோஸ்டாட், கேஸ்கெட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,900. கத்திப்பாரா டிராஃபிக்ல மாட்டினா ஹீட் ஆயிடுமோன்னு முதல் வாரம் முள்ளையே பார்த்துட்டு ஓட்டினேன். பாதிக்குக் கொஞ்சம் கீழ போய் நிக்குது, ஏற ஆரம்பிச்சா ஃபேன் போட்டுடுது, இறங்கிடுது. மைலேஜ் இப்போ 15, ஏசியோட. போன மார்கழி முழுக்க ஒரு நாள் கூட ரெண்டாவது செல்ஃப் அடிக்கல.

பெட்ரோல் பம்ப்ல பிரஷர பிடிச்சு வைக்கிற வால்வு கொஞ்சம் லீக் இருக்கத்தான் செய்யுது, பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு அஞ்சு நாள் கழிச்சு எடுத்தப்போ நாலு செகண்ட் சுத்துச்சு. அதுக்கு கீய ரெண்டு தடவை ஆன் ஆஃப் பண்ணிட்டு அடிக்கிறேன். பம்ப மாத்தலாமான்னு கேட்டதுக்கு பாய், "நிக்கும்போது பார்த்துக்கலாம் சார்"னுட்டார்.