கருந்துளையின் சுழற்சியை அளக்க எது மேல்: தட்டின் சூடா, இரும்புக் கோடா?

சூரியனைப்போல் 6.3 மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையைக் கோலாலம்பூர் நடுவில் வைத்துப் பாருங்கள். அதைச் சுற்றும் வாயுத் தட்டின் உள்விளிம்பு எங்கே நிற்கும்? இரும்புக் கோட்டை (தட்டிலுள்ள இரும்பு உமிழும் எக்ஸ்-கதிர்க் கோடு) கேட்டால் பத்துமலையைச் சற்றுத் தாண்டி, 15 கிலோமீட்டரில். தட்டின் சூட்டைக் கேட்டால் கிள்ளான் பக்கம், 32-இல். ஒளித்துடிப்பை (எக்ஸ்-கதிர் ஒளி ஏறக்குறையச் சீராக ஏறி இறங்கும் வேகம்) கேட்டால் சிப்பாங் விமான நிலையம் வரை, 47-இல். மூன்றும் ஒரே பொருளுக்கு வந்த விடைகள்: ஒரு விண்மீனோடு இணையாகச் சுற்றும் கருந்துளை ஜிஆர்ஓ ஜே1655-40.

விளிம்பு தெரிந்தால் சுழற்சி தெரிந்த மாதிரி. வாயு ஏறக்குறைய வட்டமாகத்தான் சுற்றுகிறது. காந்தக் கொந்தளிப்பு அதன் கோண உந்தத்தை வெளிப்பக்கம் கடத்திவிட, மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. ஓர் எல்லைக்கு உள்ளே நிலையான வட்டப்பாதையே கிடையாது, நேரே விழுந்துவிடும். ஒரு சூரிய நிறைக்கு 1.48 கிலோமீட்டர் என்று அலகு வைத்தால், சுழலாத கருந்துளைக்கு அந்த எல்லை 6 அலகு. உச்ச வேகத்தில் தட்டோடு ஒரே திசையில் சுழன்றால் 1, எதிர்த்திசை என்றால் 9. சுழற்சியையே 0 (சுழலாதது) முதல் 1 (உச்சம்) வரை ஓர் எண்ணால் சொல்வார்கள்.

சூட்டு முறையின் கணக்கு நேரடியானது. எக்ஸ்-கதிர் நிறமாலையிலிருந்து வெப்பநிலையும் வந்துசேரும் ஒளியளவும் கிடைக்கும். அவற்றிலிருந்து ஒளிரும் பரப்பு, அதிலிருந்து ஆரம். எக்ஸ்-கதிர் நிறமாலையை அலசும் ‘எக்ஸ்ஸ்பெக்’ மென்பொருளில், சுழலும் கருந்துளையின் தட்டுக்கான ‘கேர்பிபி’ மாதிரியை எடுத்து நிறை, தூரம், சாய்வு (நம் பார்வைக்குத் தட்டு சாய்ந்த கோணம்) மூன்றையும் பூட்டிவிட்டு, சுழற்சியையும் வாயு வரத்தையும் மட்டும் தளர்த்தி விடுங்கள். ஒளிர்வு எடிங்டன் வரம்பில் (ஒளியின் அழுத்தம் ஈர்ப்பைச் சமன்செய்யும் அளவு) 30 விழுக்காட்டைத் தாண்டிய தரவைத் தொடாதீர்கள். தட்டு தடித்து, மெல்லிய தட்டு என்ற எடுகோளே உடைந்துபோகும். இன்னொரு பொறி, நிறத் திருத்தக் காரணி: தட்டு உள்ளதைவிடச் சூடாகத் தெரிவதைச் சரிசெய்யும் எண். வழக்கமாக 1.7 அளவில் வைப்பார்கள். ஆரம் அதன் இருமடியோடு ஏறுவதால் 10 விழுக்காடு பிசகினால் ஆரத்தில் 20 போய்விடும். தூரத்தில் வரும் பிழையோ அப்படியே ஆரத்தில் இறங்கும். சிக்னஸ் எக்ஸ்-1 இருக்கும் தூரத்தை 2021-இல் சுமார் 6,100-இலிருந்து 7,200 ஒளியாண்டுக்குத் திருத்தியபோது, நிறையும் 15-இலிருந்து 21 சூரிய நிறைக்கு ஏறியது.

இரும்புக் கோட்டுக்குத் தூரமும் வேண்டாம், நிறையும் வேண்டாம். கொரோனாவின் (நோயல்ல, தட்டின் மேலுள்ள சுடுவாயு) எக்ஸ்-கதிர் தட்டில் பட்டுத் திரும்பும்போது 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கோடு எழும். உள்விளிம்பு நெருங்க நெருங்க ஈர்ப்பு அதைக் கீழே இழுத்து, 4-க்கும் கீழே நீண்ட வால் ஆக்கிவிடும். சாய்வையும் அதே கோடு சொல்லிவிடும். விண்மீன் திரள் மையத்திலுள்ள பெருங்கருந்துளைகளுக்கு நடைமுறையில் இதுதான் வழி, ஏனெனில் அவற்றின் தட்டுச் சூடு புறஊதாவில் போய்விடுகிறது. சிக்கல் வேறிடத்தில்: வழியிலுள்ள வாயு மேகம் ஒளியை விழுங்கினாலும் நிறமாலை அதேபோல் வளையும். கருவியில் ஒளித்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் கோட்டின் வடிவமே மாறும். நாசாவின் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி நூஸ்டாரில் அந்தத் தொல்லை இல்லை. தட்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கான ‘ரெல்எக்ஸில்’ மாதிரியின் பொருத்தம் சூரியனைப்போல் ஐந்து மடங்கு இரும்பு கேட்டால், தட்டின் அடர்த்தியைக் குறைவாக வைத்துவிட்டோமோ என்று முதலில் பாருங்கள்.

ஒளித்துடிப்பு முறை ஜே1655-இன் சுழற்சி 0.290 என்று ±0.003 துல்லியத்தில் சொல்கிறது. பிழை எல்லை சிறியதுதான். துடிப்பு எதனால் வருகிறது என்ற ஊகம் தவறானால் எல்லாம் போச்சு.

தூரம் உறுதியான இரட்டை விண்மீன் என்றால் சூட்டு முறைதான் என் தேர்வு. ஜே1655-இல் அந்த உறுதி இல்லை. சூட்டு முறையின் 0.7 சுழற்சி, தூரம் 3.2 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு), சாய்வு 70 பாகை என்ற கணக்கில் வந்தது. அதிலிருந்து பீறிடும் வாயுத் தாரையோ 85 பாகை சாய்ந்திருக்கிறது. உட்தட்டும் அப்படியே சாய்ந்திருந்தால் ஆரம் பெருத்து, இரும்புக் கோட்டிலிருந்து விடை இன்னும் விலகும். கிள்ளானைப் பத்துமலைக்கு இழுக்கத் தூரத்தை ஏறக்குறைய பாதியாக்க வேண்டும். 1.7 கிலோபார்செக்குக்கும் குறைவு என்று 2006-இல் ஒரு குழு வாதிட்டும் இருக்கிறது.