கட்டிலிலிருந்து தொடங்கும் ஒரு வீட்டுச் சேவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்காக, புதுச்சேரியிலிருந்து வந்துபோகும் ஒரு சிறிய சேவையை அமர்த்தினோம். மனநல ஆலோசகர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வந்து, பொருள்கள் குவிந்துகிடக்கும் வீட்டை அங்கு வசிப்பவரோடு உட்கார்ந்து ஒழுங்கு செய்கிறார்கள். பெரியம்மாவுக்கு ஹோர்டிங் எனப்படும் பொருள் குவிப்புக் கோளாறு இருப்பதை மனநல மருத்துவர் ஏற்கெனவே உறுதி செய்திருந்தார். இச்சேவை எந்த அளவுக்கு வீட்டைக் காலி செய்தது என்பதைவிட, அவருடைய தூக்கத்துக்கு என்ன செய்தது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

வந்தவர்கள் கூடத்தையோ சமையலறையையோ தொடவில்லை. “எங்கே படுக்கிறீங்க அம்மா?” என்பதே அவர்களின் முதல் கேள்வி. 2011 டிசம்பரில் தானே புயல் வீட்டுக்கூரையைப் பெயர்த்துச் சென்ற பிறகு எதையும் விட மனமில்லாமல் அவர் சேர்த்துவைத்த புடவைப் பொட்டலங்களும் நாளிதழ்க் கட்டுகளும் காலி மருந்து அட்டைகளும் கட்டிலின் மேல் இடுப்பளவு ஏறியிருந்தன. அவர் சாய்வு நாற்காலியில்தான் தூங்கிவந்தார். ஒன்று முதல் ஒன்பது வரை நெரிசல் கூடிக்கொண்டே போகும் அறைப் படங்களைக் காட்டி, தம் அறை எதைப் போலிருக்கிறது என்று அவரையே சொல்லவைத்தார்கள். அவர் ஆறாவது படத்தைத் தொட்டார்.

2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு தனி நோயாக வகைப்படுத்திய இக்கோளாறும் தூக்கமின்மையும் சேர்ந்தே காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தூக்கமின்மை கடுமையாக இருப்பவர்களிடம் குவிக்கும் போக்கும் கடுமையாக இருக்கிறது. படுக்கவே இடமில்லாததும் தூசியும் ஒருபுறமிருக்க, இக்கோளாறு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் மனச்சோர்வும் பதற்றமும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. தூங்காத மூளைக்கு, எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பது மேலும் கடினமாகிறது. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் கட்டில் உறக்கத்துக்கு மட்டுமே என்பது அடிப்படை விதி. கட்டிலே கிடங்காகிவிட்டவரிடம் அந்த விதியைச் சொல்லி என்ன பயன்? ஆகவே கட்டிலிலிருந்து தொடங்கியதை மிகச் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

பெரியம்மாவின் ஒப்புதலின்றி ஒரு பிளாஸ்டிக் கவரைக்கூட அவர்கள் வெளியே எடுத்துச் செல்லவில்லை. நள்ளிரவுவரை பொட்டலங்களைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்த வழக்கத்தைக் காலை வேளைக்கு மாற்றி, மாலைக்குப் பிறகு எதையும் பிரிக்க வேண்டாம் என்றார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழச் சொன்னார்கள். வீட்டின் மற்ற பகுதிகள் இன்னும் நிறைந்தே கிடக்கின்றன என்றாலும், இப்போது அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கிறார். இடையில் விழித்தாலும் எழுந்து பொட்டலங்களிடம் போவதில்லை. இது எனக்குப் பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. பெரியம்மாவின் உரத்த குறட்டையைப் பற்றி நாங்களாகச் சொல்லும்வரை அவர்கள் கேட்கவில்லை. குறட்டையோடு பகல் அசதியும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயா என்று மருத்துவரிடம் பரிசோதிப்பது அவசியம். தூக்கத்தைக் கவனிக்கும் சேவை இதைத் தொடக்கத்திலேயே விசாரித்திருக்க வேண்டும். உதவியாளர் அடிக்கடி மாறுவதும் நல்லதல்ல, ஏனெனில் தம் பொருள்களை அந்நியர் தொடுவது இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பெரும் வேதனை. கட்டணமும் ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு அதிகம்.

ஒரே நாளில் வீட்டைக் காலி செய்துதர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பிள்ளைகளுக்கு இச்சேவை பொருந்தாது. நோய் எதுவென்று இன்னும் உறுதியாகாதவர்கள் முதலில் ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அல்லது அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.