டெகாமி பாச்சி: இருட்டில் கடிதம் சுமக்கிறவர்கள்

ஹிரோயுகி அசாடா வரைந்த மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), மொத்தம் 20 தொகுதி, 2006இல் ஆரம்பித்து 2015இல் முடிந்தது. ஆம்பர்கிரவுண்ட் என்ற நாட்டில் எப்போதும் இரவு, தலைநகருக்கு மேலே மட்டும் ஒரு செயற்கைச் சூரியன், தள்ளிப் போகப் போக ஏழைகளுக்கு வெறும் இருட்டு. அந்த இருட்டில் கவசப் பூச்சிகளோடு சண்டை போட்டுக் கடிதம் கொண்டுபோகிறவர்கள்தான் கதை. சாதாரணத் தோட்டா அந்தப் பூச்சிகளைக் கொல்லாது, தன் இதயத்தின் ஒரு துண்டையே தோட்டாவாகச் சுட வேண்டும்.

லாக் என்ற சிறுவனையே ஒரு கடிதமாக ஏற்று, கடிதம் சுமக்கும் கோஷ் கொண்டுபோய்ச் சேர்க்கும் முதல் பகுதி அருமை. தோட்டத்துக் கடிதம் ஆபீசில் கிடந்து லயத்துக்கு வருவதற்குள் நேர்முகத் தேர்வுத் திகதியே முடிந்துபோன கதைகள் மலையகத்தில் எத்தனை! அதனால்தான் ஒரு கடிதத்துக்காக உயிரைக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகையாகவே தெரியவில்லை.

இரவு வானத்தை வரைந்த விதத்துக்காகவே வாங்கலாம். நடுவில் இழுவைதான், அப்புறம் நிச் என்ற சிறுமியின் உள்ளாடையை வைத்து வரும் பகிடி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஹட்டன் பக்கக் கடைகளில் நான் கண்டதில்லை, கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள், முதல் இரண்டு தொகுதியை மட்டும் முதலில் எடுங்கள்.