கடற்கரைச் சாலை: இடிப்பதா, புதைப்பதா, மாலையில் பூட்டுவதா?

பல கடலோர ஊர்களில் ஊருக்கும் கடலுக்கும் குறுக்கே நிற்பது ஒரு சாலைதான். கரையைச் சீரமைக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் பெஞ்சு, விளக்கு, புல்தரை என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் அப்புறம். அந்தச் சாலையை என்ன செய்வது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு மூன்று ஊர்கள் மூன்று விதமாக விடை கண்டிருக்கின்றன.

சான் பிரான்சிஸ்கோ இடித்தது. அங்கே துறைமுகக் கரையை மறைத்துக்கொண்டு இரண்டடுக்கு எம்பார்கடேரோ மேம்பாலச் சாலை நின்றது. 1986இல் இடிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் சேதமாகி மூடப்பட்ட பிறகுதான், அது இல்லாமலும் ஊர் நடமாடும் என்பது தெரிந்தது. 1991இல் இடித்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று சைனாடவுன் கடைக்காரர்கள் கொதித்தார்கள். இடிப்பை ஆதரித்த மேயர் ஆர்ட் அக்னோஸ் அதே ஆண்டு தேர்தலில் தோற்றார். இப்போது அந்த இடத்தில் அகலமான நடைபாதை, மர வரிசை, நடுவில் பழைய டிராம்கள். ஒன்றை மறக்கக் கூடாது: அது முழுத் திட்டமும் நிறைவேறாமல் பாதியில் நின்றுபோன சாலை. ஊரில் ரயிலும் பஸ்ஸும் படகும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. பாதியில் நின்ற சாலை, மாற்றுப் போக்குவரத்து என்ற இந்த இரண்டும் இல்லாத ஊர் இதைப் பார்த்துக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்ளும்.

சியாட்டிலுக்கும் அதே நோய்தான். 1953இல் திறந்த மேம்பாலச் சாலை 2001 நிலநடுக்கத்தில் ஆட்டம் கண்டது. ஆனால் வண்டிகளைக் குறைக்க மனம் வரவில்லை. பூமிக்கு அடியில் அனுப்பினார்கள். ‘பெர்தா’ என்று பெயர் வைத்த, சுமார் 17.5 மீட்டர் விட்டமுள்ள துளையிடும் இயந்திரம் 2013 டிசம்பரில் நின்றுபோய், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கிடந்தது. 2019 பிப்ரவரியில் சுரங்கம் திறந்தது. மொத்தத் திட்டச் செலவு 300 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு கொட்டியும் சுரங்கத்துக்கு நகர மையத்தில் வெளிவழி கிடையாது; கட்டணம் வேறு. ஆக, மையத்துக்குப் போகும் வண்டிகள் தரைமேல்தான் வருகின்றன. படகுத்துறைப் பக்கம் கரையோரத்தில் மறுபடியும் ஓர் அகலச் சாலை! மேலே இருக்கும் பைக் பிளேஸ் சந்தையிலிருந்து கரைக்கு இறங்கும் நடைபாதை 2024இல் திறந்தது. அது அருமையான வேலை. ஆனால் அதற்குச் சுரங்கம் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

புதுச்சேரி செய்தது ரொம்பச் சாதாரணம். மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் தடுப்பை இழுத்து வைப்பார்கள். மறுநாள் காலை 7.30 வரை வண்டி கிடையாது. குழந்தைகள் நடுரோட்டில் ஓடுவார்கள், யாரும் பதற மாட்டார்கள். பின்னாலேயே இணையாகப் பல தெருக்கள் ஓடுவதால் வண்டிகளுக்கு மாற்றுவழி இருக்கிறது. குறையும் உண்டு. பகலில் அது பழையபடி சாலை. மாலையில் பக்கத்துத் தெருக்கள் வண்டி நிறுத்துமிடமாகின்றன. துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மறித்ததால் கரை அரிக்கப்பட்டு, பல ஆண்டுகள் கருங்கல் குவியலை ஒட்டித்தான் மக்கள் நடந்தார்கள். 2018 வாக்கில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. சாலையைப் பூட்டினால் மட்டும் கரை வந்துவிடாது.

சிறிய ஊருக்கு நான் சொல்வது பூட்டுவதைத்தான். சரிப்படவில்லை என்றால் மறுநாளே தடுப்பை எடுத்துவிடலாம். சுரங்கத்தில் அது நடக்காது. சரிப்பட்டால், சில ஆண்டுகள் கழித்து முழுதாக அகற்றுவதைப் பற்றிப் பேசலாம். ஊருக்கு இருப்பதே அந்த ஒரு சாலைதான் என்றால் மட்டும் புறவழிச்சாலை முடியும்வரை பொறுக்க வேண்டும். மற்ற ஊர்களில் தடுப்பு வைக்கும் முன்பே ரயில் நிலையத்திலிருந்து கரைக்கு இரவு 10 மணிவரை பஸ் விட வேண்டும், வண்டி நிறுத்துமிடத்தைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒதுக்க வேண்டும்.